ஆகாயக் குழியும் ஆனி முகூர்த்தமும்

முதுகுக்கு அடியில் சுடுகிற மொட்டை மாடித் தரையும், அந்தத் தரை வழியாக எலும்பு வரைக்கும் ஏறி வரும் விசைத்தறிகளின் 'தடக் தடக்' அதிர்வும்தான், பிரபஞ்சம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை. செல்லூரில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே தறிக்கூடம். அப்பா அங்கே மேஸ்திரி. வெயில் தாழ்ந்ததும் நானும் வசந்தா அக்காவும் மாடிக்கு ஏறி, வாளித் தண்ணீரைத் தெளித்து, அது ஆவியாகி அடங்கும்வரை பொறுக்க முடியாமல் பாயை விரித்துப் படுத்துவிடுவோம். கஞ்சி போட்டுக் காய வைத்த நூலின் புளித்த வாசனை சந்து முழுக்க நிற்கும். அக்கா ஆரம்பிப்பாள்: "கண்ண மூடு. இப்ப நான் சொல்றத அப்படியே நெனச்சுக்க."

அக்கா அப்போதுதான் மகளிர் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தாள். நான் ஆறாம் வகுப்பு. எங்கள் சொந்தத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான் என்பதால், அவள் என்ன படித்தாள் என்று கேட்கக்கூடத் தெரியாத சித்தப்பாக்களும் பெரியம்மாக்களும் அவளைப் பெருமையோடும் கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்த்தார்கள். அவளுக்கோ படித்ததையெல்லாம் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கையில் ஒரு கருவியும் கிடையாது, கரும்பலகையும் கிடையாது. மூடிய கண்கள் போதும், அதற்குள் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைத்துவிடுவாள். ஆகாயத்தையே அடுப்படிச் சாமான்களால் கட்டி முடிக்கக் கூடியவள் என் அக்கா என்று நான் இன்றும் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நிலா ஏன் கீழே விழவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடச் சொல்லி, என்னை எங்கள் மாடியிலிருந்தே தெரியும் யானைமலையின் உச்சிக்கு ஏற்றிவிட்டாள். கையில் ஒரு கல். மெதுவாக எறிந்தால் ஒத்தக்கடையில் விழும். ஓங்கி எறிந்தால் மேலூரில் விழும். இன்னும் ஓங்கினால் கடலைத் தாண்டி பர்மாவில் விழும். அதற்கும் மேலே, மனிதரால் முடியாத வேகத்தில் எறிந்தால், கல் விழுந்துகொண்டேதான் போகும். ஆனால் அது விழ விழ உருண்டையான பூமியும் கீழே வளைந்து விலகிக்கொண்டே போகும். கடைசியில் அந்தக் கல் தேனி, உசிலம்பட்டி வழியாக எறிந்தவளிடமே திரும்பி வந்து, நிற்காமல் இன்னொரு சுற்றுப் போகும். நிலாவும் அப்படி எறியப்பட்ட ஒரு கல்தான் என்றாள். கண்ணைத் திறந்து பார்த்தேன். தறிக்கூடத்துப் புகைபோக்கிக்கு மேலே நிலா சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எதனோடும் ஒப்பிட விருப்பமில்லை.

இன்னொரு நாள் இட்லி மாவு. மூடி வைத்த சட்டியிலிருந்து மாவு பொங்கி வழிந்து அம்மா திட்டிக்கொண்டிருந்த சாயங்காலம் அது. மாவுக்குள் அங்கங்கே கடுகு கிடப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள் அக்கா. மாவு பொங்கப் பொங்கக் கடுகெல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். எந்தக் கடுகில் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவை எல்லாம் நம்மை விட்டு ஓடுவதாகத் தோன்றும். நட்சத்திரக் கூட்டங்கள் அப்படித்தான் விலகிக்கொண்டிருக்கின்றன. "சரி, அந்தச் சட்டி எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டேன். "சட்டியே கெடையாதுடி. மாவு மட்டுந்தான்" என்றாள். சட்டி இல்லாத மாவை நினைத்துப் பார்க்க முயன்று தலைசுற்றி, சாப்பிடக் கூப்பிட்டபோது எனக்கு இட்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருஷம்தான், எழுபத்தொன்பதில், 'ஸ்கைலாப்' வந்தது. அமெரிக்கா அனுப்பி ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருந்த வீடு மாதிரி ஒரு கூடம் வேகம் குறைந்து இறங்குகிறது, எங்கே விழும் என்று சொல்ல முடியாது என்று வானொலியும் பத்திரிகையும் சொல்ல ஆரம்பித்தன. செல்லூருக்கு அது போதாதா? எங்கள் சந்தில் எந்தப் பேச்சும் அதில் தொடங்கி அதிலேயே முடிந்தது. எப்படியும் சாகப்போகிறோம் என்று வளர்த்த கோழிகளை அடித்துக் குழம்பு வைத்துத் தின்றவர்கள் உண்டு. அந்தக் குழம்பு வாசனையில் மனம் மாறி, தாங்களும் சாகத் தயாரானவர்கள் அதைவிட அதிகம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் செய்யாதவர்களிடம் கேட்டால், "விழப்போகுதுல்ல டீச்சர்" என்றார்கள். உலகம் முடியப்போகிற அந்த மாதத்தைப் போல ஒரு கொண்டாட்டமான மாதம் பிறகு என் வாழ்க்கையில் வரவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கொண்டாட்டம் இல்லை. காரணம், ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில் அக்காவுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. அதை விட்டால் ஆடி. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணிக்குத் தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். முந்தைய வருஷம் வேறொரு மாப்பிள்ளை வீட்டார் இப்படித்தான், தையிலிருந்து மாசிக்கு, மாசியிலிருந்து வைகாசிக்கு என்று தள்ளிக்கொண்டே போய், ஒருநாள் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அதற்கே சந்தில் "ராசியில்லாத பொண்ணு" என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியிருந்தது. 'தள்ளி வைக்கிறது' என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்கு முகம் வெளுத்துவிடும். இரண்டாவது முறையும் தள்ளினால் அதோடு அக்காவின் கல்யாணப் பேச்சே ஓய்ந்துவிடும் என்பது எனக்கே தெரியும்.

அதைவிட முக்கியம், அக்காவுக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. சமயநல்லூர்க்காரர், பெயர் செல்லப்பாண்டி, கப்பலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். பெண் பார்க்க வந்த அன்று, என்ன படிப்பு என்று கேட்டு, இயற்பியல் என்றதும், "அதுல என்ன இருக்கும்?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அக்காவும் பெரியவர்கள் முகத்தைப் பார்க்காமல் யானைமலைக் கல்லை எடுத்து எறிந்துவிட்டாள். எல்லோரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் கொஞ்சம் யோசித்து, "சுத்தி வந்து நம்ம பிடரியிலயே அடிக்குமே, எறிஞ்சவன் குனிஞ்சுக்கிற வேணாமா?" என்றார். அக்கா பெண் பார்க்கும் சபையில் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் மனசு அங்கேயே முடிவாகிவிட்டது.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமன், மதுரைக்கும் சமயநல்லூருக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வாய் ஓயாது. கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பு மாடியில் எங்களோடு வந்து படுத்தவர், ஸ்கைலாப் ஏன் விழுகிறது என்று அக்காவைக் கேட்டார். அக்கா அவரையும் கண்ணை மூடச் சொன்னாள்.

"ஆகாசத்த ஒரு பெரிய வேட்டின்னு நெனச்சுக்கங்க மாமா. நாலு பக்கமும் இழுத்துப் பிடிச்சிருக்கு. நடுவுல அம்மிக் குழவிய வச்சா என்னாகும்?"

"குழி விழும்."

"இப்ப ஓரத்துல ஒரு கோலிய உருட்டி விடுங்க."

"குழியப் பாத்து வந்துரும்" என்று சொன்ன மாமாவுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. கனமான பொருள் ஆகாயத்தையே குழியாக்குகிறது, மற்றவை அந்தக் குழியைப் பார்த்து உருண்டு வருகின்றன, அதுதான் ஈர்ப்பு என்று அக்கா முடித்தாள். வேட்டியின் நாலு முனையையும் யார் பிடித்திருக்கிறார்கள் என்று நான் கேட்டதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. மாமா வெகுநேரம் கண்ணைத் திறக்காமல் கிடந்தார். அவர் அந்த வேட்டியை மிக நன்றாகவே நினைத்துப் பார்த்துவிட்டார், வினையே அதுதான்.

மறுநாள் காலை முதல் டிரிப்பிலேயே ஈர்ப்பு விசை பஸ் ஏறிவிட்டது. டிக்கெட் கிழித்த கையோடு மாமா ஒவ்வொரு சீட்டாக நின்று வேட்டியும் குழவியுமாக விளக்கினார். பாவம், பூமி என்கிற பெரிய குழவியை அவர் வழியில் எங்கோ இறக்கி விட்டுவிட்டார். மிச்சம் இருந்தது இதுதான்: எங்கே கனம் அதிகமோ அங்கேதான் ஸ்கைலாப் வரும். சமயநல்லூர் போய்ச் சேர்வதற்குள் அது இன்னும் கொஞ்சம் ஊதிப் பெருத்தது. அங்கே அடுத்த இரண்டு நாளில் ஆட்டுக்கல்லையும் உரலையும் வீட்டிலிருந்து உருட்டிப் போய்த் தோட்டத்து மூலையில் தள்ளினார்கள். தடித்த உடம்புக்காரர் ஒருவரை, "அண்ணே, நீங்க கொஞ்ச நாளைக்கு எங்க தெருப்பக்கம் வராதீக" என்று கேட்டுக்கொண்டார்களாம். மாமா இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது விழுந்து விழுந்து சிரித்தபடி எங்களுக்குச் சொன்னார்; நாங்களும் சிரித்தோம்.

அடுத்த நாள் பகலில் மாப்பிள்ளையின் அம்மா, பேச்சியம்மா அத்தை, எங்கள் வீட்டுப் படி ஏறினார். சம்பந்தி வீட்டுக்கு வரும்போது பூவும் பழமும் இல்லாமல் யாரும் வரமாட்டார்கள். அத்தை வெறுங்கையோடு வந்திருந்தார். அம்மா முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். பார்த்ததுமே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "தப்பா நெனைக்காதீகண்ணே. பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. அம்புட்டுச் சனமும் ஒரே எடத்துல கூடும். அண்டா, குண்டான், அரிசி மூட்டைன்னு கனம் சேரும். மேலருந்து வர்றது கனத்தத் தேடித்தான் வருமாம்ல. ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கேன். ஆவணிக்குத் தள்ளி வச்சுக்கிருவோம்."

"இத யாரு சொன்னா?" என்று அப்பா கேட்டார்.

"யாரு சொன்னாவா? உங்க மச்சினந்தான்."

காபித் தம்ளரோடு வந்துகொண்டிருந்த மாமா அப்படியே நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர், "நான் பொதுவாத்தான்க்கா சொன்னேன்... வசந்தாதான் எனக்குச் சொன்னா" என்றார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. அவள் எனக்கு மாடியில் காட்டிய ஆகாயமே சமயநல்லூர் வரை போய், அவள் கல்யாணத்தை நிறுத்த வெறுங்கையோடு திரும்பி வந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. கல்யாணப் பெண் சம்பந்தி முன்னால் போய்ப் பேசுகிற வழக்கமே எங்களிடம் இல்லை. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கூடத்துக்குப் போய் அத்தையின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, செத்த நேரம் கண்ண மூடிக்கிறீகளா?"

"எதுக்கு? தொறந்துக்கிட்டே நெனைக்கிறேன். நீ சொல்லு."

"யானைமலை எம்புட்டுக் கனம்? அது முன்னால நம்ம சாம்பார் அண்டா எம்மாத்திரம்? கனத்தப் பாத்துப் பக்கவாட்டுல வர்றதா இருந்தா, மலைகிட்டப் பறக்குற காக்காயெல்லாம் மலையில போய் ஒட்டிக்கிட்டுல்ல கெடக்கணும்?"

"அதெப்படி? காக்காய்க்கு றெக்கை இருக்கு. அதுக்கு றெக்கை இருக்கா?"

அக்காவுக்குப் பொய் வராது. "ஒரு றெக்கை மாதிரி இருக்கத்தான் செய்யுது அத்தை. ஆனா அது பறக்குறதுக்கு இல்ல, வெயில்ல கரண்டு எடுக்குறதுக்கு" என்றாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரி, காக்காய விடுங்க. மலை மேல நின்னுக்கிட்டு ஒரு மாங்காயக் கீழ விடுறீக. அது மலைப்பக்கமாச் சாயுமா, நேராக் கீழ போகுமா?"

"நேராத்தான் போகும்."

"ஏன் போகுது? மலையவிடக் கனமானது கீழ ஒண்ணு இருக்கு. பூமி. அதுதான் குழவி. மலையும் அண்டாவும் கல்யாணக் கூட்டமும் அதுமேல ஒட்டுன கடுகு. குழி ஒண்ணே ஒண்ணுதான் அத்தை, பூமி போட்ட குழி. அதுக்குள்ளதான் நாம எல்லாரும் இருக்கோம்."

கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணை மூடமாட்டேன் என்றவர், சுவரைப் பார்த்தபடி எதையோ சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப நாம ஏற்கெனவே குழிக்குள்ளதான் கெடக்கோம்" என்றார் கடைசியில்.

"ஆமா அத்தை."

"சமயநல்லூருலயும்?"

"எந்தூருலயும்."

"ஆவணியிலயும்?"

"ஆவணியிலயும்."

"பெறகு என்னத்துக்குத் தள்ளி வைக்கச் சொன்னேன் நான்?" என்று தன்மேலேயே எரிச்சல்பட்டவர் மாதிரி எழுந்தார். அம்மாவைப் பார்த்து, "வீட்டுல பூ இருந்தா எடுங்க. வெறுங்கையோட வந்துட்டேன். பிள்ளைக்கு என் கையால வச்சுவிட்டுப் போறேன்" என்றார். சாமி படத்திலிருந்த கதம்பத்தை அம்மா அவசரத்தில் அப்படியே அறுத்துக்கொண்டு வந்தாள். அத்தை அதை அக்காவின் தலையில் வைத்து, படி இறங்கும்போது அப்பாவிடம் மட்டும் குரலைத் தணித்து, "எல்லாஞ் சரிதாண்ணே. ஆனாலும் அண்டாவ எல்லாம் ஒரே எடத்துல வைக்காதீக" என்றார்.

அப்பா அதை அப்படியே செய்தார். வந்த சம்பந்தத்தோடு வாதாட அவருக்குத் தெம்பில்லை. சோறு தறிக்கூடத்துக்குப் பின்னால், சாம்பார் எதிர்வீட்டு முற்றத்தில், பாயசம் சந்து முனையில் என்று கல்யாணச் சமையல் நாலாபக்கமும் சிதறியது. பரிமாறுகிறவர்கள் வாளியோடு ஓடி ஓடி வியர்த்துப்போனார்கள். முதல் பந்திக்கு ரசம் வந்து சேரவே இல்லை. முகூர்த்தத்தன்று விடிந்ததும் வானொலியில் செய்தி: ஸ்கைலாப் எங்கோ தெற்குக் கடலிலும் ஆஸ்திரேலியாப் பக்கமுமாக விழுந்துவிட்டது. சந்தே கூச்சல் போட்டது. பிழைத்துக்கொண்டோம் என்ற சந்தோஷத்தில் அழைத்தவர்களும் அழைக்காதவர்களும் வந்து, கோழியையெல்லாம் முன்பே தின்று தீர்த்த பசியோடு, ஆளுக்கு இரண்டு பந்தி சாப்பிட்டார்கள். நாதஸ்வரக்காரர் மூச்சுவிட நிறுத்தியபோதெல்லாம் மாமாவின் குரல் கேட்டது: "கனத்தப் பிரிச்சு வச்சோம்ல, அதான் நம்ம பக்கம் வரல."

அத்தை கல்யாணத்தைத் தள்ளி வைக்கக் கேட்டு வந்த கதையெல்லாம், அன்று கப்பலூர் பட்டறையில் ஷிப்டில் இருந்த செல்லப்பாண்டி மச்சானுக்குத் தாலி கட்டின பிறகுதான் தெரியும். அக்கா அதற்குப் பின் பி.எட். படித்து, ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். பள்ளியிலிருந்து அவள் திரும்பும் நேரத்துக்கு அத்தை வாசலில் காத்திருப்பார். இன்றைக்கு என்ன பாடம் நடத்தினாய் என்று கேட்பார். அக்கா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் மறுப்பார். சட்டி இல்லாத மாவை அவர் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. மாமியார் மருமகள் சத்தம் தெருமுனை வரை கேட்கும், சொத்துத் தகராறு என்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொள்வார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் சனிக்கிரகத்தின் வளையத்தைப் பற்றிச் சண்டை நடக்கும்.

செல்லூர்ச் சந்தில் இப்போது எங்கள் வீடு இல்லை. மாடிகள் மேல் மாடிகள் எழும்பி யானைமலையும் கண்ணுக்கு மறைந்துவிட்டது. தெருவிளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் நான் ரொம்ப வருத்தப்படவில்லை. நகரம் என்றால் வளரத்தானே செய்யும். அத்தை போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. போன பொங்கலுக்குச் சமயநல்லூர் போயிருந்தேன். அக்கா பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, இரண்டு கருந்துளைகள் மோதினால் ஆகாயம் எப்படி அதிரும் என்பதை, துவைத்த சேலையை இரண்டு பேர் பிடித்து உதறும்போது ஓடுகிற அலையை வைத்துச் சொன்னாள். அற்புதமாகச் சொன்னாள். பிள்ளைகள் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "சூப்பர் அப்பத்தா" என்றார்கள். மச்சானும் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அப்புறம் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள்: "எல்லாரும் சரி சரிங்குறீக. இல்லவே இல்லன்னு சண்டைக்கு வர ஒரு ஆளு இல்லடி இந்த வீட்டுல."